இடம் தரலாகாது: ஒரு கல்வெட்டும் சில தீர்ப்புகளும்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் எழுவது பீங்கான். ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, கொலுப்பொம்மை, மின்பெட்டியில் பொருத்தும் வெள்ளை ஃபியூஸ் கட்டை என்று அவ்வூர்ச் சூளைகளில் வெந்த பொருள் ஏதேனும் ஒன்று நம்மில் பலருடைய வீட்டுக்குள் எப்போதோ நுழைந்திருக்கும். பீங்கான் தொழிற்பேட்டை இருபதாம் நூற்றாண்டு அவ்வூருக்குத் தந்த முகம். அதற்கு முன் அது திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயில் கொண்டிருக்கும் தலம். இக்கட்டுரைக்கு வேண்டியது சூளையன்று, அக்கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று.

விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429-ஆம் ஆண்டு, வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையை அக்கல்வெட்டு பதிவுசெய்கிறது. வலங்கையும் இடங்கையும் பிற்காலத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட கதைகளையே நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். அவ்வாண்டில் அவை கைகோத்தன. அரசு அதிகாரிகளும் ஜீவிதக்காரர்களும் குடிகளை வருத்தினார்கள். காணியாளரும் பிராமணரும் வரி என்ற பெயரில் பறித்தார்கள். ஆகவே இரு பிரிவாரும் கூடி முடிவெடுத்தனர். வரி பறிப்போருக்கு வலங்கை இடங்கையைச் சேர்ந்த எவரும் தங்க இடம் தரலாகாது. நாட்டில் பிறந்த எவரும் அவர்களுக்குக் கணக்கெழுதலாகாது. அவர்கள் சொல்வதற்கு இசையலாகாது. மீறுபவன் நாட்டுத் துரோகி. அவன் குத்தப்படவேண்டும்.

அதே ஆண்டைச் சேர்ந்த, இதே போக்கிலான கல்வெட்டுகள் கொறுக்கை, ஆடுதுறை ஆகிய ஊர்களிலும் உள்ளன. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஒன்றுசேர்த்துப் படித்துப் பதினைந்தாம் நூற்றாண்டின் சமூக மோதல் ஒன்றை நமக்கு மீட்டுக் கொடுத்தார்கள். வரலாற்று மாணவர்கள் இதை வரிக்கலகமாகப் படிப்பார்கள். அது சரியான படிப்பே. ஆனால் என்னை நிறுத்திவைப்பது அதிலுள்ள அந்த முதல் தடை. அதிகாரமற்ற மக்கள் ஒன்றுகூடியபோது அவர்கள் கையில் இருந்த ஆயுதங்களுள் முதன்மையானது வீடு. இன்னாருக்கு இடம் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது. அதைச் சொல்லிவிட்டு, சேர்ந்து சொல்லாதவனை என்ன செய்வது என்பதையும் அவர்கள் அப்போதே எழுதிவைத்தார்கள்.

இன்றைய அடுக்ககச் சங்கத்தின் துணைவிதிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கத்தியை நீக்கிவிட்டால் எலும்புக்கூடு அதேதான். கூடி எடுத்த முடிவு, அது எல்லோரையும் கட்டும் என்ற அறிவிப்பு, மீறினால் தண்டனை. தமிழில் இதற்குக் கட்டுப்பாடு என்ற அழகான, அச்சமூட்டும் சொல் உண்டு. நாம் மனமுவந்து ஏற்கும் ஒழுங்கும் கட்டுப்பாடுதான். ஊர் ஒருவனுக்குத் தண்ணீரும் நெருப்பும் மறுப்பதும் கட்டுப்பாடுதான். சொல் ஒன்றாக இருப்பதில் மொழியின் குறை ஏதும் இல்லை. பொருளே அப்படி ஒட்டிக்கிடக்கிறது.

வீட்டு உரிமையாளர் சங்கம் என்ற அமைப்பு மேலைநாட்டு இறக்குமதி என்று நினைப்பவர்கள் உத்திரமேரூருக்கு ஒருமுறை சென்று வரலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்டவை, அங்குள்ள சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. குடவோலை முறை பள்ளிப் பாடம். மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைகளில் முழங்கப்படுவது. அதன் தகுதி விதிகளை முழுக்கப் படித்தவர்கள் குறைவு. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்கவேண்டும். வேதக் கல்வி வேண்டும். அதாவது அது பிராமண நிலவுடைமையாளரின், வீட்டுச் சொந்தக்காரரின் மன்றம். குடியிருப்பவன், உழுபவன், வாடகைக்கு இருப்பவன் எவனுக்கும் ஓலை இல்லை. மக்களாட்சி என்பதைக் காட்டிலும் உரிமையாளர் சங்கம் என்ற பெயரே அதற்குப் பொருந்தும்.

அவ்விதிகளில் இன்னொன்று, எந்த அடுக்ககக்காரரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரமுடியாது. அவன் மட்டுமில்லை, தந்தை, மகன், சிற்றன்னை மக்கள், மைத்துனன் என்று அவனுடைய சுற்றமும் வரமுடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் சங்க வழக்குகளில் பெரும்பகுதி இக்கணக்கைச் சுற்றியே நடக்கிறது. பராமரிப்புத் தொகை எங்கே போயிற்று, வைப்புநிதி ஏன் கரைந்தது, பொதுக்குழு ஏன் கூட்டப்படவில்லை. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியையும் அதனோடு இணைத்துச் சொல்வார்கள். சுந்தரருக்குப் பொன் கிடைத்தது. சங்க உறுப்பினர்களுக்கு எப்போதும் கிடைப்பதில்லை.

கணக்கு வழக்குகள் சலிப்பூட்டுபவை என்றாலும் தீர்வு உள்ளவை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னால் பாதி வழக்கு முடிந்துவிடும். தீராதது வேறு: கூடி எடுத்த முடிவு, கூட்டத்தில் இல்லாதவனை ஏன் கட்டவேண்டும்? பின்னால் வாங்கியவனை, வாரிசாக வந்தவனை, கையெழுத்திடாதவனை? சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது மண்பாண்டம் அறிந்த நாட்டின் பழமொழி. பழைய விதி சுட்ட மண். புதிதாகக் குடிவருபவன் பச்சை மண். இரண்டையும் ஒட்டவைக்க நீதிமன்றங்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக முயன்றுவருகின்றன.

இங்கிலாந்தில் அம்முயற்சி ஒரு தோட்டத்தில் தொடங்கியது. இலண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் நிலம் வைத்திருந்த டல்க் என்பவர் 1808-இல் அதன் நடுவிலிருந்த தோட்டத்தை விற்றார். வாங்குபவரும் அவர் வழியினரும் அதைக் கட்டடம் எழுப்பாமல் தோட்டமாகவே பேணவேண்டும் என்பது ஒப்பந்தம். கைமாறிக் கைமாறி அது மாக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. அவர் கட்டடம் எழுப்ப முனைந்தார். அந்த வாக்குறுதியை நான் கொடுக்கவில்லையே என்றார். 1848-இல் காட்டன்ஹாம் பிரபு அளித்த விடை எளியது: நிபந்தனை இருப்பதை அறிந்தே வாங்கினாய், ஆகவே அது உன்னையும் கட்டும். நிபந்தனை இருப்பதால் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, மறுநாளே நிபந்தனையற்ற நிலமாக விற்பது அநீதி என்பதே அவர் தர்க்கம். ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் குடியிருப்புக் கட்டுப்பாடுகள் நிற்பதற்கு அடிக்கல் இத்தீர்ப்பு. லெஸ்டர் சதுக்கத்தில் இன்றும் தோட்டம் இருக்கிறது. தோட்டம் காத்த அதே கோட்பாடு பிறகு வேறு எவற்றையெல்லாம் காத்தது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தியாவுக்கு இவ்விவகாரம் கூட்டுறவின் தோளேறி வந்தது. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டும் அனுமதித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பிற நோக்கங்களுக்கும் கதவு திறந்தது. 1896-இல் தொடங்கிய கொள்ளைநோய்க்குப் பின் பம்பாயில் நல்ல வீடு கிடைப்பது அருமையாக இருந்தது. 1915-இல் காம்தேவிப் பகுதியில் சாரஸ்வதர்கள் தங்களுக்கென ஒரு வீட்டுவசதிச் சங்கம் அமைத்தனர். ஆசியாவின் முதல் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்று அறியப்படுவது அதுவே. முன்னின்றவர் ராவ் பகதூர் தல்மாகி. அவர் பெயரால் பின்னர் தார்தேவில் தல்மாகிவாடி எழுந்தது. முதல் சங்கமே சாதிச் சங்கம் என்பதைக் கண்டனமாகச் சொல்லவில்லை. தெரியாத நகரத்தில் கடன் வாங்கிக் கட்டும் வீட்டுக்கு, ஒருவர் தவணை தவறினால் மற்றவர் தாங்கவேண்டும். அத்தகைய நம்பிக்கை அன்று உறவுமுறைக்குள்தான் கிடைத்தது. மாட்டுங்காவில் குடியேறிய நம்மவர்களும் அப்படித்தான் தேடிச்சென்று ஒன்றாக இருந்தார்கள். அங்குள்ள அடுக்ககங்களில் சேர்ந்து வாழ்ந்தே அவர்கள் தென்னிந்தியர் என்ற புதிய அடையாளத்தை அடைந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் நிகில் ராவ் தம் 2013-ஆம் ஆண்டு நூலில் காட்டுகிறார். ஊரில் ஒருவரோடொருவர் உண்ணாத உட்பிரிவுகள் பம்பாய் மாடிப்படியில் ஒன்றாயின. ஒன்றாகியபின் கதவைச் சாத்திக்கொண்டன.

இவ்வாறு சாத்தப்பட்ட கதவுகளுள் ஒன்றுதான் உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1925-ஆம் ஆண்டின் பம்பாய்க் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் 1926-இல் பதிவான ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அகமதாபாதில் நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்துத் தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது துணைவிதி. பழைய உறுப்பினர் ஒருவரின் மகன், தந்தைக்குப் பின் அவ்விடத்தில் உறுப்பினரானவர், பழைய பங்களாவை இடித்துவிட்டு வணிகக் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டார். சங்கம் மறுத்தது. குடியிருப்பு அடுக்ககம் கட்ட இசைந்தது. ஆனால் வீடுகளைப் பார்சிகளுக்கே விற்கவேண்டும் என்றது. அவர் பார்சி அல்லாத கட்டுநருடன் பேச்சுவார்த்தை தொடங்கினார். வழக்கு பிறந்தது.

கூட்டுறவுத் தீர்ப்பாயப் படிகளில் ஏறி இறங்கிக் குஜராத் உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது, துணைவிதி செல்லாது என்று அந்நீதிமன்றம் கண்டது. சொத்தை விற்கும் உரிமைக்கு முழுத்தடை போட முடியாது. கூட்டுறவுச் சட்டம் தகுதியுள்ள எவருக்கும் உறுப்பினர் வாயிலைத் திறந்துவைக்கச் சொல்கிறது. மதத்தின்பேரில் வேறுபாடு காட்டுவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது. மூன்றும் வலுவான காரணங்கள்.

உச்சநீதிமன்றம் 2005 ஏப்ரல் 15 அன்று மூன்றையும் தள்ளியது. நீதிபதிகள் பி.என். ஸ்ரீகிருஷ்ணாவும் பி.கே. பாலசுப்ரமணியனும் கொண்ட அமர்வு. தீர்ப்பை எழுதியவர் பாலசுப்ரமணியன். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவில் உள்ளது. யாரோடு சேர்வது என்று தேர்வது அவ்வுரிமையின் பகுதி. அடிப்படை உரிமைகள் அரசைக் கட்டுமேயன்றித் தனியார் சங்கத்தைக் கட்டா. பொதுக்கொள்கை என்பதைக் கூட்டுறவுச் சட்டத்தின் வரிகளுக்குள் தேடவேண்டும். வெளியிலிருந்து அரசியலமைப்பின் ஆவியை அழைத்துவந்து துணைவிதியை விரட்டக்கூடாது. விற்பனைத் தடையைப் பொறுத்தவரை, அது வெளியிலிருந்து சுமத்தப்பட்டதில்லை. உறுப்பினராகும்போது அவரே ஏற்றுக்கொண்டது. வேண்டாமென்றால் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும். சங்கம் தன் விதியை மாற்றிக்கொள்ளட்டும். நீதிமன்றம் அதைச் செய்யாது.

தீர்ப்பை நிதானமாகப் படிப்பவர் அதன் ஒழுங்கை மறுக்கமுடியாது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின்மேல் நேராக அமர்ந்திருக்கிறது. எனக்குள்ள சங்கடம் அடிப்படியில். எல்லாம் அவரே ஏற்றுக்கொண்டது என்பதன்மேல் நிற்கிறது. சதுரங்கக் கழகத்தில் சேர்பவன் விதி பிடிக்காவிட்டால் மாலையே விலகி வீட்டுக்குப் போகலாம். வீடே கழகமாக இருக்கும்போது எங்கே போவது? இவ்வழக்கில் உறுப்பினர் அந்த இடத்தைத் தந்தைவழியாகப் பெற்றவர். வேண்டாமென்றால் வேறிடம் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் போவதற்கு விற்கவேண்டும், விற்பதற்குச் சங்கம் சுட்டும் ஆளைத் தேடவேண்டும். விலகும் வழியே விதியின் வழியாகப் போகிறது. இதைத் தன்னார்வம் என்று அழைப்பது சட்டத்தின் வசதி. 1985-இல் தமன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டவர் சங்கத்தைப் பொறுத்தவரை தம் தனித்தன்மையை இழந்துவிடுகிறார் என்றது. அது சங்கங்களை அரசு கட்டாயமாக இணைப்பது பற்றிய வழக்கு. அந்த வாக்கியம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது அதன் எடை வேறாகிவிட்டது.

லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தின் வாரிசுகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லபாடி அவென்யூ என்ற தெருவில் 1911-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அத்தெருவிலிருந்த முப்பத்தொன்பது உரிமையாளர்களில் முப்பது பேர் கையெழுத்திட்டார்கள்: ஐம்பது ஆண்டுகளுக்கு இவ்வீடுகளில் கறுப்பினத்தவரோ மங்கோலிய இனத்தவரோ குடியிருக்கலாகாது. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அதில் ஒரு வீட்டை வாங்கியது. அண்டைவீட்டார் வழக்குத் தொடர்ந்தனர். மிசூரி மாநில உச்சநீதிமன்றம் உடன்படிக்கையை நிலைநிறுத்தியது. மத்திய உச்சநீதிமன்றம் 1948 மே 3 அன்று அதை மாற்றியது.

அத்தீர்ப்பின் நுட்பம் வியப்பூட்டுவது. தலைமை நீதிபதி வின்சன் உடன்படிக்கையைச் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. தனிமனிதர்கள் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம். அரசியலமைப்பு அவர்களைத் தொடாது. ஆனால் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றித் தாருங்கள் என்று நீதிமன்றத்துக்கு வரும் கணத்தில் அரசின் கை தேவைப்படுகிறது. விற்க விரும்புபவன் இருக்கிறான், வாங்க விரும்புபவன் இருக்கிறான். நடுவில் நின்று கதவைச் சாத்துவது நீதிமன்றத்தின் ஆணைதான். அந்த ஆணையை அரசு தரமுடியாது. ஆறு நீதிபதிகளும் ஒருமித்தனர். மற்ற மூவர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டனர். இத்தகைய உடன்படிக்கை பூண்ட வீடுகளில் அவர்களே குடியிருந்ததுதான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

அகமதாபாதில் இரண்டாவது கை எது என்று கேட்டால் விடை தெளிவு. சங்கத்தைப் பதிவுசெய்தது பதிவாளர். துணைவிதிக்கு ஒப்புதல் அளித்தவரும் அவரே. உறுப்பினரைத் தடுத்து நிறுத்தியவை அரசு நிறுவிய தீர்ப்பாயங்களும் நீதிமன்றங்களும். விருத்தாசலத்து 1429-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்காரர்களுக்கு அரசு இல்லை, அரசே எதிரி. ஆகவே தண்டிக்கும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நவீனச் சங்கம் தன் கத்தியை அரசின் உறையில் வைத்திருக்கிறது.

இவ்விடத்தில் பார்சிகளின் பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். 2001 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் அவர்கள் 69,601 பேர், 2011-இல் 57,264. கண்ணெதிரே கரையும் ஒரு சமூகம், தன் பிள்ளைகள் தம்மவர் நடுவே வளர ஒரு குடியிருப்பு வேண்டும் என்று நினைப்பதைச் செயின்ட் லூயிஸ் வெள்ளையரின் உடன்படிக்கையோடு ஒரே தராசில் வைப்பது கண்மூடித்தனம். தங்களை நசுக்கியவர்களுக்கு இடம் தர மறுத்த வலங்கை இடங்கையாரின் கட்டுப்பாடும் அப்படித்தான். யார், யாருக்கு எதிராக, எந்த நிலையிலிருந்து கதவைச் சாத்துகிறார் என்பது முக்கியம். சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதற்குத் தெரிவது கையெழுத்து மட்டும். பார்சிகளுக்கென எழுதப்பட்ட தீர்ப்பின் நிழலில் பெரும்பான்மைச் சாதியும் வந்து நிற்கலாம். இது நடந்த நகரம் அகமதாபாத் என்பதையும் மறக்கக்கூடாது. கலவரப் பகுதிகளில் சொத்துக் கைமாற்றத்துக்கு ஆட்சியரின் முன்னனுமதி வேண்டும் என்று குஜராத் 1991-இல் சட்டமே இயற்றியது. நெருக்கடியில் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஓடுவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றனர். யார் எங்கே வாழலாம் என்ற கோடுகளை அது கெட்டிப்படுத்தியது என்போரும் உண்டு.

அதே குஜராத்தில், 1917-இல், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கக் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் வந்திறங்கினார். தீண்டத்தகாதவருக்கு எந்த விடுதியிலும் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை கையில் தடிகளோடு பன்னிரண்டு பார்சிகள் வந்து மாடிப்படியை அடைத்து நின்றார்கள். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். இந்து நண்பர் ஒருவரும் கிறித்துவ நண்பர் ஒருவரும் தங்கவைக்க இயலாது என்று நயமாகக் கைவிரித்தனர். பொதுப் பூங்காவில் மணிக்கணக்காக அமர்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார் அம்பேத்கர். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற சிறு தன்வரலாற்று நூலில் அவர் இதை எழுதியிருக்கிறார். சிறிய சமூகமும் தனக்குக் கீழே ஒருவனைக் காணும்போது தடியெடுக்கும் என்பதற்குச் சான்று. அவரை மறுத்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அவர் பின்னர் வழிநடத்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசை மட்டுமின்றித் தனிமனிதரையும் நோக்கிப் பேசுகிறது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் எவரையும் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின்பேரில் தடுக்கலாகாது. கடை என்பது எதைக் குறிக்கும் என்று 1948 நவம்பரில் அவையில் கேட்டபோது, விரிந்த பொருளில்தான் அச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறோம், பணம் பெற்றுச் சேவை தருபவர் எவரையும் அது தழுவும் என்றார் அம்பேத்கர். 2011-இல் தனியார் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் அவ்விளக்கத்தைத் தேடியெடுத்துக் கடை என்பதன் பொருளை விரித்தது. வீட்டுச் சந்தையும் அதற்குள் வருமா? கௌதம் பாட்டியா போன்ற அரசியலமைப்பு அறிஞர்கள் இத்திசையில் வாதிடுகிறார்கள். 2005 தீர்ப்பின் மையத்துக்கு அக்கேள்வி வரவேயில்லை. மாறாக, 2012-இல் நடைமுறைக்கு வந்த 97-ஆவது திருத்தம் 19-ஆம் பிரிவில் கூட்டுறவுச் சங்கம் என்ற சொல்லையே சேர்த்துச் சங்கத்தின் கையை மேலும் வலுப்படுத்தியது.

தமிழ்நாட்டில் இத்தகைய துணைவிதியை எழுத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. எழுதாமலேயே நடக்கிறது. சைவ உணவுக்காரருக்கு மட்டும் என்ற பலகை, தனியாட்களுக்கு இல்லை என்ற தரகரின் தாழ்ந்த குரல், பெயரைக் கேட்டவுடன் வாடகைக்குப் போய்விட்டதாகிவிடும் வீடு. எழுதப்பட்ட விதி நீதிமன்றத்தில் நின்று தன்னை நியாயப்படுத்தவேண்டும். எழுதாத விதிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ஊர், சேரி என்று நிலத்தையே இரண்டாகப் பிரித்துப் பெயரிட்ட நாடு இது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவரைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். 1989 மோதலுக்குப் பின் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தப்படிதான் அச்சுவர் எழுந்தது என்பது சாதி இந்துக்கள் தரப்பின் வாதமாக இருந்தது. கையெழுத்து இருந்தது, ஆகவே சம்மதம் இருந்தது. அகமதாபாதின் தர்க்கம்தான், ஆங்கிலம் மட்டும் இல்லை.

நம் சட்டங்கள் இக்கேள்வியைத் தொடாமலேயே சங்கங்களைப் பற்றிப் பேசியிருக்கின்றன. இங்கே பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் கூட்டுறவு வழியில் அமைந்தவை இல்லை. 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், நூலக வாசகர் வட்டத்தையும் கோயில் திருப்பணிக் குழுவையும் போலப் பதிவானவை. 1994-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம் தனியாக இருந்தும் பலர் அதன் பக்கம் போகவில்லை. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர் அனைவரும் இசையவேண்டியிருந்ததால், ஒரே ஒருவர் தலையசைக்க மறுத்து மற்றவர்கள் விரிசல் விட்ட சுவர்களுக்குள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்ததுண்டு. 2022-இல் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் போதும் என்றது. ஒருவரின் பிடிவாதத்திலிருந்து பலரை விடுவித்தது. பலரின் முடிவுக்கு ஒருவரை ஒப்படைத்தது. எழுபது வயதில், மாற்றிடத்து வாடகை எத்தனை மாதம் வரும் என்று தெரியாமல், இடிக்க வேண்டாம் என்று சொல்லும் மூன்றிலொரு பங்கினரின் வழக்குகளைச் சென்னை இனிமேல் நிறையக் காணும் என்று நினைக்கிறேன்.

துணைவிதியைச் சட்டம் தொடவே முடியாது என்பதும் இல்லை. குடியிருப்புகளில் வளர்ப்பு விலங்குகளைத் தடைசெய்யும் சங்க விதிகள் செல்லாதவை என்று 2021 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலங்குவதைத் தடைச் சட்டமும் விலங்குநல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் அதற்கு ஆதாரமாயின. பொதுக்குழு முழுவதும் ஒருமனதாகக் கையுயர்த்தினாலும் அவ்விதி நிற்காது. சட்ட அடிப்படைகள் வேறு, நீதிமன்றம் வேறு, சங்கத்தின் வகையும் வேறு என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள், அது சரியே. இருந்தாலும் இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த இரவில், கேரளத்து அடுக்ககத்தில் நாயைத் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை, அகமதாபாதில் மனிதரைத் தடுக்க இருக்கிறது என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியை அடிக்க இதுவரை காரணம் கிடைக்கவில்லை.